நடந்தது

ஆய்வுக்கூடத்தில் குளிர் பதினெட்டில் வைத்திருந்தது.
வரவேண்டிய ஆள் வரவில்லை.
கெலானா ஜெயா ரயில் பழுதாம்,
ஐம்பது ரிங்கிட்டும் வேண்டாமாம்.
"லோஷி, நீயே நட" என்றாள் சூ லிங்,
இருபக்க டேப்பைப் பல்லால் கிழித்தபடி.

தோளில் ஒன்று, இடுப்பெலும்பின் முகட்டில் ஒன்று,
முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால், குதிகால்,
இரண்டாம் விரலின் அடி:
கொண்டைக்கடலை அளவில் வெள்ளிப் பந்துகள்.
அம்மை போட்டவள்போல் நின்றேன்.

எட்டுக் கேமராக்கள் சிவப்புக் கண் திறந்தன.
"சாதாரணமா நட."
சாதாரணமாக எப்படி நடப்பது என்பது
அந்த நொடியில் மறந்துபோயிற்று.
எந்தக் கை எந்தக் காலோடு போகும்?
முதல் மூன்று நடையும் குப்பை.
நான்காவதில் விசைத்தட்டை மிதிக்காமலே தாண்டினேன்.
ஐந்தாவதில்
பந்தாய் டாலாம் சோற்றுக்கடை இன்னும் திறந்திருக்குமா
என்று யோசித்துக்கொண்டே போனேன்.
அதுதான் சரியாக வந்தது.

ஐநூற்றுப் பத்து நியூட்டன் நான்.
மிதித்த மிதியைத் தரை
கடன் வைக்காமல் திருப்பித் தருகிறது.
வரைகோடு ஒட்டகம்போல் இரண்டு திமில்களோடு போகிறது:
குதிகால் இறங்கும்போது ஒன்று,
விரல் உந்தும்போது ஒன்று,
நடுவில் பள்ளம். அங்கே எடை கொஞ்சம் குறைகிறோம்,
யாருக்கும் தெரியாமல், ஒவ்வோர் அடியிலும்.
வலது கால் பாடநூலில் உள்ளபடி.
இடது காலில் இரண்டாம் திமில் தேய்ந்திருந்தது.

"அடிபட்டிருக்கா?" ஹஃபிஸா கேட்டாள்.
"இல்லை."
"சின்ன வயசில?"
"இல்லை."
காரணம் தெரியவில்லை என்று படிவத்தில் எழுதினாள்.

பிறகு சூ லிங் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தாள்.
முகமில்லை, முடியில்லை, ஐசி எண் இல்லை,
பெண் என்பதுகூட இல்லை.
கறுப்பில் ஒரு குச்சி உருவம்
இடது குதிகாலைச் சற்றே வெளியே வீசி,
இறக்குமுன் ஒரு கணம் தயங்கி,
வலது தோள் தாழ
எதிரே வந்தது.

எனக்குத் தெரியும் இந்த நடையை.
செந்தூல் பிளாட்டின் ஐந்தாம் மாடிக் கம்பிகளுக்கிடையே
முகத்தை வைத்துக்கொண்டு
ஆறு வயதில் பார்த்தது.
கீழே கார் நிறுத்தம்.
அவ்வளவு உயரத்திலிருந்து உச்சந்தலையும் கால்களும்தான்.
வலக்கையில் நீலப் பை இருந்தது.
பையின் கனத்தில் சாய்கிறார்
என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அம்மா படங்களை எரிக்கவில்லை.
நிதானமாகக் கத்தரித்தாள்,
கிளினிக்கில் மாத்திரை அட்டை நறுக்குவதுபோல.
கல்யாண ஆல்பத்தில் அவள் தோள்மேல்
யாருடையதோ நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.
"என்னம்மா நடந்தது?" என்று கேட்டபோதெல்லாம்
"ஒண்ணும் நடக்கலை, சாப்பிடு."
ஆனால் நான் கூடத்தைக் கடக்கும்போது,
திரும்பிப் பார்க்காமலே,
செருப்புச் சத்தத்துக்கே சொல்வாள்:
"காலை இழுக்காதே. நேரா நட."

பதினைந்து வருடம்
அந்த வீட்டுக்குள் யார் நடந்துகொண்டிருந்தது என்று
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னொரு தடவை ஓட விடு" என்றேன்.
நான்கு மீட்டருக்கு அப்பால் கேமராக்களுக்கு எட்டாது.
உருவம் அங்கே போய்
முதலில் தோளை இழந்தது, பிறகு இடுப்பை.
கடைசியாக அந்த இடது குதிகால்,
ஒற்றைப் புள்ளியாய்,
தயங்கி,
அதுவும்.
"ஃபைலுக்கு என்ன பேர் வைக்க?"
"ஏழுன்னு போடு."

வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
நான்காம் மாடித் திருப்பத்தில்
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.
மூன்று படி ஏறினேன்.
நின்றேன்.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சாவி நுழையுமுன் உள்ளிருந்து குரல்:
"காலை இழுக்காதேன்னு எத்தனை தடவை..."
"சரிம்மா."
இழுத்துக்கொண்டே உள்ளே போனேன்.